பொட்டு வைத்த சிபியுவும் 6,640 ரூபாயும்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்கும் சாமான்களில் என் பழைய கம்ப்யூட்டரும் ஒன்று. அரிவாள்மனை, கத்தி, ஸ்கூட்டர், மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ், அப்புறம் இது. ஐந்து வருடமாக அதை யாரும் ஆன் செய்ததில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் துண்டை விலக்கி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் துண்டைப் போர்த்திவிடுவோம். போன ஆயுத பூஜை அன்று மகள் கேட்டாள்: “ஓடாத மெஷினுக்கு எதுக்குப்பா பூஜை?” அவள் அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்: “ஓடட்டும்னுதான்.”

மறுநாள் விஜயதசமி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். திருப்பரங்குன்றத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்து வடிவமைத்துக் கொடுக்கும் கடை, வைத்திருந்தேன். முருகன் தெய்வானையைக் கல்யாணம் முடித்த ஊர் என்பதால் முகூர்த்த நாளில் அங்கே நடக்க இடமிருக்காது. அதனால் பத்திரிகை வேலைக்குப் பஞ்சமே இல்லை. சிவகாசி அட்டை, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், பாமினி எழுத்துரு, ஒரு லேசர் பிரிண்டர், இவ்வளவுதான் முதலீடு. 2012-ல் டவுன் ஹால் ரோடு பக்கம் இந்த மெஷினை அசெம்பிள் செய்து வாங்கினேன். இன்டெல் ஐ3-2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு சும்மா வந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம் அது, அதனால் கம்ப்யூட்டரைவிட யுபிஎஸ்ஸைத்தான் ரொம்ப விசாரித்து வாங்கினேன். அப்புறம் கொரோனா வந்தது. கல்யாணங்கள் ஐம்பது பேரோடு நடந்தன, பத்திரிகை வாட்ஸ்அப்புக்குப் போனது, கடையைக் காலி செய்து மெஷினைத் திருநகர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

புதுசு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. சும்மா ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுத் தூங்குவதற்குப் பதில் இது. ஆனால் இந்த நாலு மாதத்தில் நான் செய்த தப்புகளை எழுதிவைத்தால் இதேபோல மூலையில் ஒரு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. 2011, 2012, 2013-ல் வாங்கிய பெட்டிகள் மதுரையில் இன்னும் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன.

முதல் விஷயம் ஷாக். பிளக்கைச் சொருகி, கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டதும் விரலில் சுர்ரென்றது. மெஷினில் லீக்கேஜ் என்று நினைத்துப் பாதியிலேயே கைவிட்டிருப்பேன். பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, “மெஷின் சரியாத்தாண்ணே இருக்கு, பிளக் பாயிண்ட்லதான் எர்த் இல்ல” என்றார். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் தகரத்துக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் ஒயர் இல்லாத வீட்டில் தகரமே ஏறக்குறைய பாதி வோல்டேஜில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது, ஆனால் டெஸ்டர் எரியும், விரல் சுர்ரென்னும். அந்த நிலையில் பென்டிரைவ், மானிட்டர் கேபிள் என்று சொருகிக் கழற்றினால் போர்டுக்கும் நல்லதில்லை. மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதற்காக உள்ளே மூன்று ஒயர் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டுதான் இருந்தது. எர்த் இழுக்க 600 ரூபாய். அதை வீட்டுக் கணக்கில் எழுதிவிட்டேன், கம்ப்யூட்டர் கணக்கில் இல்லை.

அடுத்து பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்ததைத் தூசி என்று சொல்லக்கூடாது, கம்பளி. ப்ராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்குகள் தெரியவே இல்லை. ஸ்பீக்கர் ஒயர் சொருகும் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க் தட்டில் இரண்டு பல்லி முட்டை, காலி ஓடு. முன்பக்க யுஎஸ்பி இரண்டுக்குள்ளும் ஐந்து வருடத்து விபூதி கெட்டித்துப் போயிருந்தது. இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

இங்கே முதல் தப்பு. பிரஷ்ஷால் பொறுமையாகத் துடைக்காமல், பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று அடிக்கச் சொன்னேன். தம்பி உற்சாகமாக அடித்தான். தூசி போனது சரி, கூடவே குழாய் முனையிலிருந்து சாரல் மாதிரி தண்ணீர் போர்டின்மேல் தெறித்தது. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் டாங்கியில் தண்ணீராகத் தங்கும், அடிக்கடி வடித்துவிடாவிட்டால் காற்றோடு அதுவும் வரும். சைக்கிள் டியூபுக்குப் பரவாயில்லை. ஒரு பகல் முழுக்க மொட்டைமாடி அறையில் மின்விசிறிக்கு முன்னால் போர்டைக் காயவைத்தேன். இன்னொன்று, காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றினால் பேரிங் போய்விடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் 1 இஞ்ச் பிரஷ்ஷும், வீட்டில் இருந்தால் சின்ன புளோயரும் போதும். ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சொருகுவது நம்மூர் மெக்கானிக்குகளின் பழைய கைவைத்தியம். அதையும் செய்தேன். தேய்த்த ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடியது. ஆன் ஆகி விண்டோஸ் 7 முகம் காட்டியபோது மகள் கை தட்டினாள். தேதி மட்டும் 2011 ஜனவரி 1. போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தால், எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று பிரௌசர் தடுத்தது. வைரஸ் என்று நினைத்தேன். காரணம் போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரி. சிஆர்2032 என்பார்கள். அது செத்துப்போனால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் மறந்துவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று ஆயுள் உண்டு. மெஷின் தன்னை 2011-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. வாட்ச் கடையில் 40 ரூபாய் கொடுத்துப் பேட்டரி வாங்கிப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே காயலான் கடைக்குப் போன மெஷின்கள் எத்தனையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஓடியது என்றேனே தவிர, நடந்தது என்று சொல்வதுதான் சரி. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் மவுஸ் நகரும். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், நாலு நிமிடம். இந்த இடத்தில்தான் எல்லோரும் கடைக்கு ஓடுகிறோம். நானும் ஓடினேன். ஒரு கடையில் “ப்ராசஸர் பழசுண்ணே, அதான்” என்றார்கள். இன்னொரு கடையில் 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்றார்கள். இரண்டும் அந்த நேரத்துக்குத் தப்பான பதில். வீட்டுக்கு வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ப்ராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. அதிலிருந்தே ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்று திறக்கும். அதில் டிஸ்க்தான் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது. ரேம் 2 ஜிபியும் நிரம்பி, இடமில்லாமல் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது மெஷின். கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது டிஸ்க், அதற்குக் கை கொடுத்தது ரேம் பற்றாக்குறை.

ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. சின்னச் சின்ன ஃபைலாக ஆயிரம் இடத்திலிருந்து படிக்கச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் ஊசி நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் ஆன் ஆவது என்பதே அப்படி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள்தான். தட்டுக்குப் பதில் சிப்பிலேயே எழுதிவைக்கும் டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி என்று பெயர். அதில் சுற்றும் தட்டே கிடையாது, அந்தக் காத்திருப்பும் கிடையாது. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் பாதைக்குச் சாட்டா என்று பெயர். எச்61 போர்டில் இருப்பது சாட்டா 2, நொடிக்கு 300 எம்பிதான் உச்சம். இன்றைய சாட்டா எஸ்எஸ்டியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. “அப்ப வேஸ்ட்டுதானே” என்று எனக்கும் தோன்றியது. போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பாதி இழப்பு கண்ணுக்கே தெரியாது என்று புரிந்தது. காத்திருப்பு ஒழிந்ததுதான் பெரிய லாபம். 240 ஜிபி, 1,750 ரூபாய். ஆன் ஆக நாலு நிமிடம் எடுத்த மெஷின் 30 விநாடிக்குள் ஆன் ஆனது. இந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தாலும் முக்கால்வாசி திருப்தி கிடைத்திருக்கும்.

வாங்கும்போது ஒன்று கவனிக்கவும். கடையில் சூயிங்கம் பாக்கெட் மாதிரி ஒல்லியாக ஒன்று காட்டுவார்கள், அது எம்.2. இவ்வளவு பழைய போர்டில் அதற்கு இடமே இல்லை. 2.5 இஞ்ச் சாட்டா என்று தெளிவாகக் கேளுங்கள். பழைய கேபினெட்டில் அதை மாட்ட ஸ்க்ரூ ஓட்டை ஒத்துவராது. பிராக்கெட் விற்கிறார்கள். நான் இரட்டைப் பக்க டேப் ஒட்டிவிட்டேன். உள்ளே அசையும் பாகம் இல்லை, ஆடினாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே எழுதியிருக்கும் சின்ன மென்பொருளுக்குப் பயாஸ் என்று பெயர். அந்தப் பயாஸில் சாட்டா மோட் ‘ஐடிஇ’ என்று இருந்தால் புதிதாக இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

ரேமில் நான் ஏமாந்தது முழுக்க என் அவசரம். எச்61 போர்டில் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை எடுக்கும், டிடிஆர்3. இவ்வளவு படித்துத் தெரிந்துகொண்டு ஆன்லைனில் தேடினேன். 8 ஜிபி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. சொருகினால் மூச்சுப் பேச்சில்லை, பீப் மட்டும் அடிக்கிறது. விளம்பரத்தின் கடைசி வரியைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’. அந்த மலிவு ரேம்களில் வேறு அமைப்புள்ள சிப்புகளைப் போட்டிருப்பார்கள். இன்டெல் போர்டுகள் அவற்றை அடையாளமே கண்டுகொள்ளாது. நல்லவேளை, திருப்பி அனுப்பிப் பணம் வந்துவிட்டது.

அதன் பிறகுதான் மேல மாசி வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய சாமான் வைத்திருக்கும் பாய் அறிமுகம் ஆனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் உட்காரும் அளவுக் கடை. பெருங்காய டப்பாக்களில் ப்ராசஸர், தீப்பெட்டிக் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு ரேம். போர்டு பெயரைச் சொன்னதும், “எச்61-ஆ? ரெண்டு நாலு ஜிபி போடுங்கண்ணே, ஒரே மாதிரி ஜோடியா. ஒத்தையா எட்டு போடுறதவிட அது நல்லா ஓடும்” என்றார். ஜோடியாகப் போட்டால் இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தகவல் போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கும் அந்த ரேமிலிருந்துதான் பங்கு போகிறது, அதனால் வித்தியாசம் தெரியும். இரண்டும் சேர்த்து 900. அவரே ஒரு மெஷினில் சொருகி ஓட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்து மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. பழைய ரேம் வாங்குகிறவர்கள் இந்த ஒரு ராத்திரியைச் செலவழிக்கத்தான் வேண்டும்.

8 ஜிபி போட்டும் விண்டோஸ் மூணேகால் ஜிபிக்கு மேல் பயன்படுத்தவில்லை. கடைக்காரர் 2012-ல் போட்டுக் கொடுத்தது 32 பிட். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ரேமை அதனால் எண்ணவே முடியாது. 64 பிட்டுக்கு மாறித்தான் ஆகவேண்டும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இத்தனைக்கும் அப்புறம் நிறுத்தியிருக்க வேண்டியவன்தான் நான். ஆனால் பாய் கடையில் அந்தப் பெருங்காய டப்பாவைப் பார்த்துவிட்டேனே. ஐ5-3470, நாலு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் நாலு மூளை. என்னிடம் இருந்த ஐ3-யில் இரண்டுதான். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டும் அதே 1155. 1,600 ரூபாய். “அந்த ஐ3-ய இங்க விட்டுருங்கண்ணே, முன்னூறு குறைச்சுக்குறேன்” என்றார். அது வீட்டில் போர்டில் மாட்டியிருந்தது, கையில் இல்லை. “அடுத்த தடவை வரும்போது கொண்டுவாரேன் பாய்” என்று முழு விலை கொடுத்துவிட்டு வந்தேன். அந்த முன்னூறு ரூபாய் ஆசையில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ப்ராசஸர் மாற்றுவது கை நடுங்கும் வேலைதான், ஆனால் கஷ்டமான வேலை இல்லை. இந்த வகையில் ஊசிகள் ப்ராசஸரில் இருக்காது, போர்டின் சாக்கெட்டில் 1,155 ஊசிகள் மயிரிழை கனத்தில் நிற்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. ஓரத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு, அதைப் பொருத்தி மேலிருந்து நேராக வைத்தால் தானே உட்காரும். அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. ப்ராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைத்து, நடுவில் ஒரு உளுந்தம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். இட்லி மாவு ஊற்றுகிற மாதிரி ஊற்ற வேண்டாம். ஹீட்சிங்க்கின் நாலு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். நாலும் பூட்டியதா என்று போர்டின் பின்பக்கம் பார்த்தே தீரவேண்டும். என்னுடையதில் ஒரு கால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஆன் செய்தேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், ரேமை மாற்றி மாற்றிச் சொருகினேன். கறுப்பு. ராத்திரி பதினொன்றரை. ஊசியை வளைத்துவிட்டேன் என்றே முடிவு செய்து, சாப்பிடாமல் படுத்துவிட்டேன். காலையில் கடைசி முயற்சியாகப் பழைய ஐ3-யை மாட்டினேன். உடனே படம் வந்தது.

காரணம் எளிது. ஐ3-2120 இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை, 2011. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, 2012. சாக்கெட் ஒன்றுதான். ஆனால் என் போர்டின் பயாஸ் 2011-ல் எழுதியது, அதற்குப் பின்னால் பிறந்த ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் எந்தெந்த ப்ராசஸர் ஒத்துவரும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்றும் போட்டிருக்கும். நான் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மெஷின் ஓட வேண்டும், மெஷின் ஓட பழைய ப்ராசஸர் வேண்டும். பாயிடம் அதை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிகிறதா?

பயாஸ் எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டு செங்கல். அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அது முடிந்த மறுநாள் என்றால் தைரியமாகச் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, அதனால் வீட்டு இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஒயர் இழுத்தேன். ஞாயிறு காலை ஏழு மணி, மிக்ஸி போடக்கூடாது, கிரைண்டர் போடக்கூடாது, யாரும் சுவிட்ச் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. “என்ன, ராக்கெட்டா விடுறீக?” என்றாள் மனைவி. பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, அந்த போர்டுக்கே உரிய ஃபைலை மட்டும் அதில் வைத்து, பயாஸுக்குள் இருக்கும் கருவியாலேயே எழுதினேன். விண்டோஸுக்குள்ளிருந்து எழுத வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மூன்று நிமிடம். அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில் மகள் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் காத்திருக்கமாட்டேன். பிறகு ஐ5 மாட்டினேன், படம் வந்தது. அன்றைக்குச் சட்னி அரைக்காததால் இட்லிக்குப் பொடிதான்.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் முதலில் மாற்றியிருக்க வேண்டும், கடைசியில்தான் மாற்றினேன். புது ப்ராசஸர் போட்ட பிறகு வீடியோ ஓடும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆனது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் லைன் 11.2. விதிப்படி ஐந்து சதவீதம்தான் முன்பின் இருக்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக்கூடாது. மேலே 450 வாட் என்று ஒட்டியிருந்ததெல்லாம் வெறும் ஸ்டிக்கர். தூக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி எடை. 2,200 ரூபாய்க்கு உருப்படியான ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தால் செங்கல் கனம். பழையதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். ப்ராசஸரும் ரேமும் பழசு வாங்கலாம், அவை சாமானியமாகக் கெடுவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் பழசு வாங்கவே கூடாது.

கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. இன்று யூடியூப் வீடியோக்களை அனுப்பும் புதிய முறைகளைப் பிரிக்கும் சர்க்யூட், மலிவாகக் கிடைக்கும் அந்தப் பழைய கார்டுகளிலும் கிடையாது, என் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலும் கிடையாது. எப்படியும் ப்ராசஸர்தான் உழைக்க வேண்டும். நாலு கோர் இருப்பதால் 1080-ல் சிரமமில்லாமல் ஓடுகிறது. 4கே கேட்டால் திணறும், கேட்காமல் இருந்தால் சரி.

இனி மென்பொருள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல். விண்டோஸ் 11 இந்த வயசு மெஷினைச் சேர்த்துக்கொள்ளாது. குறுக்கு வழியில் போடலாம் என்கிறார்கள். பேங்க் வேலையும் பார்க்கும் மெஷினில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் 64 பிட் லினக்ஸ் மின்ட் 22, அதிலும் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். 2029 வரை அதற்குப் பாதுகாப்பு அப்டேட் உண்டு. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றும் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துபார்த்து மெஷினின் லான், சவுண்ட், யுஎஸ்பி எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. தமிழ்99 கீபோர்டு அதில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக வந்துவிட்டது. லேசர் பிரிண்டர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றது, அதை இங்கே விவரித்தால் கெட்ட வார்த்தை வரும்.

ஆனால் கடை வைத்திருந்தபோது செய்த பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைல், பாமினி எழுத்து. அது, எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் எழுத்துமுறை வருவதற்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ‘மதுரை’ என்பது கே, ஜே, ஐ, யு என்று நிற்கும். வெறும் வாசகத்தை யூனிகோடாக மாற்றக் கருவிகள் உண்டு, பக்க வடிவமைப்போடு மாற்ற வழியில்லை. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் 7-ஓடு அப்படியே உள்ளே விட்டுவைத்திருக்கிறேன். நெட் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் அதில் நுழைவேன். கொழுந்தியா கல்யாணப் பத்திரிகையை அதிலிருந்து தோண்டி எடுத்தபோது, 2014-ல் மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போய் 300 அட்டையைத் திரும்ப அடித்த ஞாபகம் வந்தது. தப்பான பிரதியும் பக்கத்திலேயே இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

கணக்கு: பேட்டரி 40, தெர்மல் பேஸ்ட் 150, எஸ்எஸ்டி 1,750, ரேம் 900, ப்ராசஸர் 1,600, எஸ்எம்பிஎஸ் 2,200. மொத்தம் 6,640 ரூபாய். ப்ராசஸரையும் அதனால் வந்த எஸ்எம்பிஎஸ் செலவையும் கழித்தால் 2,840-ல் முடிந்திருக்கும், மகளின் பள்ளி வேலைக்கும் வீடியோவுக்கும் அதுவே ஏறக்குறையப் போதும். மிச்சம் என் ஆசைக்கு. இன்றைக்குச் செய்கிறவர்கள் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள், பழைய சாமான் விலை கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வரம்பு மட்டும் சொல்வேன். போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த மெஷினுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

முன்பக்க யுஎஸ்பி இரண்டும் இன்னும் வேலை செய்யவில்லை. விபூதியைக் குத்தி எடுத்தேன், உள்ளே தகடு துருப்பிடித்திருக்கிறது. மாற்ற 150 ரூபாய்க்கு ஒரு பலகை கிடைக்கும் என்று பாய் சொன்னார், அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும். அந்த ஐ3-யை அவருக்குக் கொடுக்கவில்லை. பஞ்சு வைத்து மாத்திரை டப்பாவுக்குள் போட்டு டிவி ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன். இதுவரை பழங்காநத்தத்திலிருந்து ஒருவரும் திருமங்கலத்திலிருந்து ஒருவரும், பயாஸ் மாற்றுவதற்காக ஒரு நாள் இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திருமங்கலத்துக்காரர் கொண்டுவந்தபோது ஒரு சொம்பு பருத்திப்பாலும் வாங்கி வந்திருந்தார்.